தோராவுக்கு ஊற்றிய ஆயில்

வியாழக்கிழமை மதியம்

அன்பு மகள் லின்னியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நலமா. முதல் வரியில் இதை எழுதாவிட்டால் அது கடிதமே இல்லை என்பார் உன் தாத்தா, அதனால் எழுதிவிட்டேன், ஆனால் இந்தத் தடவை எழுதும்போதே பேனா தயங்குகிறது, ஏனென்று கீழே சொல்கிறேன். மழை வேண்டியபோது பெய்தது, வேண்டாதபோதும் பெய்தது, மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. தக்காளியைத்தான் மான் தின்றுவிட்டுப் போய்விட்டது, மினசோட்டா மானுக்கு நான் வைக்கும் தக்காளி மட்டும்தான் பிடிக்கும் போலிருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சுத் தையல் ஆறிவிட்டது. ஒரு ஜாடிப் பாலுக்கு மேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள், அதனால் நான் பார்க்கும்போது பால் ஜாடியை மட்டும் தூக்குகிறார். வலி இருக்கிறதா என்று கேட்டால் "பரவால்ல" என்கிறார். ஏப்ரலில் மாட்டுக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தபோது ஓடிப்போய்க் கேட்டேனே, அப்போதும் இதே "பரவால்ல"தான், அதனால் அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. நீ அனுப்பிய சால்மன் மீன் டப்பா வந்து சேர்ந்தது, நல்ல மீன், தபால் செலவுக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கேலன் ஹாக்ரூட் நம் வீட்டோடு பேச ஆரம்பித்திருக்கிறார். உட்கார்ந்துதானே படிக்கிறாய். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நீ அவர் மகன் டுவேனின் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலாஸ்காவுக்குக் கிளம்பினாயே, அன்று முதல் இந்த ஆறு வருஷத்தில் அந்த மனிதர் எங்களோடு ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சாலையில் எதிரே பிக்கப் வண்டியில் வந்தால் முன்பெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரலையும் தூக்குவார், அதன்பிறகு ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான் தூக்கினார். தூக்காமல் போனால் மரியாதைக் குறைவு, நான்கையும் தூக்கினால் மன்னித்ததாகிவிடும், அதனால் ஒன்று. சர்ச்சில் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன், அப்பாவால் பொறுக்க முடியாமல் போனது கதிரடி விழாதான். அவருடைய பழைய கதிரடி மெஷினும் நம் தோராவும் சேர்ந்துதான் அந்த விழா, அது உனக்குத் தெரியும். தாத்தா வாங்கின நாள் முதல் என்ஜினைத் திறந்தே பார்க்காத அந்த டிராக்டர்க் கிழவிதான் பெல்ட் போட்டு அந்த மெஷினைச் சுற்றவைப்பாள். உன் விஷயத்துக்குப் பிறகு கேலன் பக்கத்து மாவட்டத்திலிருந்து வேறு யாருடைய டிராக்டரையோ வரவழைத்துக்கொண்டார். ஒவ்வொரு விழாவன்றும் அப்பா கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தோராவைத் துடைப்பார். எங்கும் போகாத டிராக்டரைத் துடைத்துக்கொண்டு நாள் முழுக்க உள்ளேயே இருப்பார், சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊர் வந்து நம் வேலையைச் செய்தது. யாரோ ஓட்ஸ் விதைத்துவிட்டுப் போனார்கள், யாரோ வேலியைக் கட்டினார்கள், யார் என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கக்கூடாது, சாப்பாடு கொண்டுவந்த தட்டைத் திருப்பித் தரும் சாக்கில் எல்லோர் வீட்டுக்கும் ஒரு கேக் கொடுத்துவிட வேண்டியதுதான். போன மாதம் போதகர் வந்தார். மூன்று தடவை காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலாவது தடவை வாங்கிக் குடித்துவிட்டு, கிளம்பும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, "கேலன் கேட்கச் சொன்னார். இந்த வருஷம் தோராவைக் கொண்டுவர ஓர்வினுக்குச் சௌகரியப்படுமான்னு. ஓர்வின் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே அவரே வந்து ரெடி பண்ணி வச்சிருக்காராம், ஆயில்கூட மாத்தியாச்சாம்" என்றார். அப்பா உடனே தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு லைலாக் செடிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார். அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போனோம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார், விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். அலமாரியைப் பார்த்தார், அங்கே காலி டப்பாக்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தார் கேலன். கடையில் இருப்பதிலேயே உசத்தி ஆயில். அப்பா கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, "ம். வித்தியாசமா இருக்கே" என்றார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயலில் கோழிக்கூண்டின் கூரை பறந்தபோதும் அப்படித்தான் சொன்னார்.

நீ அலாஸ்காவுக்குப் போய்ப் படகு என்ஜின்களைப் பார்த்துப் பழைய டிராக்டர் விஷயத்தை மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். சர்ச் சமையலறையில் காப்பித்தூளில் ஒரு முட்டையை உடைத்துக் கலந்து கொதிக்கவைப்போமே, மண்டியெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும், மேலே காப்பி தெளிந்து நிற்கும். அந்தப் பானையை யாரும் ஆட்டக்கூடாது. தோராவின் வயிறும் அப்படித்தான். தாத்தா காலத்திலிருந்து அவளுக்கு ஊற்றியது கூட்டுறவுக் கடையில் கிடைக்கும் முப்பதாம் நம்பர் சாதா ஆயில், அதில் அழுக்கைக் கழுவும் மருந்து எதுவும் கிடையாது, அழுக்கு தானாக அடியில் இறங்கிப் படிந்துவிடும், படிந்தது படிந்தபடி கிடக்க அவள் பாட்டுக்கு ஓடுவாள். புது ஆயிலில் சோப்பு மாதிரி ஒன்று கலந்திருக்கிறது. அது படிந்ததையெல்லாம் பெயர்த்துக் கிளப்பும், கிளம்பியது போய் ஆயில் பம்பின் வாயிலுள்ள சல்லடையை அடைக்கும், அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, பேரிங் காய்ந்து கருகிவிடும். கேலன் ஒன்றும் தெரியாதவர் இல்லை. அவர் தன்னுடைய டிராக்டர்களையெல்லாம் பிரித்துக் கழுவிப் புது பேரிங் போட்டு வைத்திருக்கிறார், அவற்றுக்கு அந்த ஆயில்தான் சரி, சாதா ஆயிலை ஊற்றினால்தான் தப்பு. எந்த ஆயில் நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது, அந்த என்ஜின் இதுவரை எப்படி வாழ்ந்தது என்று கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. ஆறு வருஷம் பேசாத வீட்டில் யாரிடம் கேட்பார்.

நான் சொன்னேன், "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையே, அப்படியே வடிச்சுட்டு நம்ம ஆயிலை ஊத்து, யாருக்குத் தெரியப்போகுது" என்று. "எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "அவன் இந்தத் தரையில முழங்கால் போட்டு ஊத்தியிருக்கான் ஆர்லிஸ். அதை வடிச்சுக் கொட்டிட்டு அவன் முன்னாடி நின்னு என்னால சிரிக்க முடியாது." அப்படியானால் கேலனிடமே சொல்லிவிடு என்றேன். "என்னன்னு? நீ கொடுத்தது எங்களுக்கு ஒத்துக்காதுன்னா? அதைத்தான் ஏற்கெனவே ஒரு தடவை அவன் வீட்டுக்குச் சொல்லியாச்சே" என்றார். உன்னைக் குத்திச் சொல்லவில்லை, அவருக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, ஆனாலும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அடியிலுள்ள சட்டியைக் கழற்றிக் கழுவிவிட்டால் பயமில்லை, ஆனால் அது பால் ஜாடிக் கனமா, ஆள் வைத்துத்தான் இறக்க வேண்டும், ஆள் வந்தால் ஏன் என்று கேட்காமலேயே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். விழாவுக்கே வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன், அதற்கு அவர் துணியை எடுத்துத் தோராவைத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில், "ஒரு மத்தியானம்தானே. தாங்கிடுவா" என்றார். அவர் தோராவைத்தான் சொன்னார், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மறுநாள் விழா. என்ஜின் சும்மா நின்றுபோனால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம், பேரிங் கருகி உள்ளே தண்டு முறிந்தால் இரும்பையே கிழித்துக்கொண்டு வெளியே வரும், அப்பா அதற்கு மேலேதான் உட்கார்ந்திருப்பார். அப்படி எதுவும் ஆகாமல் தோரா மட்டும் செத்தாலும் அவர் நெஞ்சு அதைத் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இதை உனக்கு எழுதுவது பதிலுக்காக இல்லை, கடிதம் உன் தீவுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சத்தமாகச் சொல்ல இங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று. ஈஸ்டருக்குப் பிறகு வந்த உன் கடிதங்களில், அங்கே உன்னோடு இருக்கும் வெஸ்லியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்பெல்லாம் வெஸ்லி மீன் பிடித்தான், வெஸ்லி கூரை மாற்றினான் என்று பக்கம் பக்கமாக எழுதுவாய். நான் கேட்கவில்லை, கேட்பது நம் வழக்கமில்லை. அடுப்பில் வைத்தது தீயும் வாசம் வருகிறது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு

கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அதுவும் நல்லதாய்ப் போயிற்று. நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், சின்ன வயதில் கதைப் புத்தகத்தில் செய்வாயே அதுபோலக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. காலையில் அப்பா புதுச் சட்டை போட்டு, தோளில் புது சஸ்பெண்டர் வார் மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். முகம்தான் வெளுத்திருந்தது. தூங்கவில்லையா என்றேன், "பரவால்ல" என்றார். மைதானத்தில் கேலன் தன் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், தோராவை லாரியிலிருந்து இறக்கும்போது தொப்பியைக் கழற்றினார், டிராக்டருக்கா அப்பாவுக்கா தெரியவில்லை. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டு இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிக்கொண்டார்கள். பிறகு கேலன் அளவுக் கம்பியை உருவி எல்லோருக்கும் காட்டி, "பாருங்க, தேன் மாதிரி இருக்கு. கறுப்புத் தண்ணியை ஊத்தியே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கான் இந்த ஓர்வின்" என்று கேலி பண்ணினார். அவர் கேலி பண்ணி எத்தனை காலமாயிற்று. அப்பா, "ஆமா, நல்ல ஆயில்" என்றார். பக்கத்தில் காப்பிப் பானையோடு நின்ற எனக்கு அதைக் கேலன் தலையில் ஊற்றலாமா அப்பா தலையில் ஊற்றலாமா என்று இருந்தது.

சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் தோராவைக் கிளப்ப வேண்டும், அப்பா கையை வைப்பதற்குள் டுவேன் வந்து, "நகருங்க மாமா" என்று தானே சுற்றிவிட்டான். அவள் இரண்டு தடவை தும்மிவிட்டுக் கிளம்பினாள். பெல்ட் இறுகியது, மெஷின் குலுங்கியது, வண்டி மேலிருந்து கதிர்க்கட்டுகளைக் கவைக்கோலால் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள், வைக்கோல் பறந்தது, கூட்டம் கைதட்டியது. நான் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆர்லிஸ் இன்னிக்கு டிராக்டருக்கே காப்பி ஊத்தப் போறா போல" என்று யாரோ சிரித்தார்கள். முதல் வண்டி காலியாகும்வரை முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இரண்டாவது வண்டி வந்தபோது கொஞ்சம் இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார். அப்புறம் அவர் செய்ததை நீ நம்பமாட்டாய். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டு, காயப்போடுவது மாதிரி அதை அந்த முள்ளின் மேலேயே போட்டுவிட்டார். போட்டுவிட்டுக் கேலனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேலன் அங்கிருந்து நான்கு விரலையும் தூக்கினார். லின்னியா, நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபமும் இரக்கமும் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

மூன்றாவது வண்டி பாதி இருக்கும்போது சத்தம் மாறியது. தோராவின் சத்தம் உனக்குத் தெரியும், நிதானமாக ஒவ்வொரு அடியாக வைப்பாள், அந்த அடிகளுக்கு நடுவில் எலும்பில் தட்டுவதுபோல ஒரு காய்ந்த தட்டல் கேட்டது. நான் பானையைப் புல்லில் வைத்துவிட்டுப் போய்க் கைக்குட்டையைப் பிடுங்கினேன். முள் அடியில் படுத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா முகம் சாம்பல் நிறம், கழுத்தெல்லாம் வியர்வை, இடது கையை சஸ்பெண்டருக்குள் நுழைத்து நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். வலிக்கிறதா என்று கத்திக் கேட்டேன். "பரவால்ல" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எது எங்கிருந்து வந்ததோ, எட்டி என்ஜினை அணைத்துவிட்டேன்.

பெல்ட் தொங்கிப்போய் மெஷின் நிற்க வெகுநேரம் ஆயிற்று, நின்றபிறகும் கவைக்கோலைத் தூக்கினவர்கள் தூக்கினபடியே நின்றார்கள். அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கினேன், ஆம்புலன்ஸ் பையன்கள் லெமனேட் கடைப் பக்கம் நின்றார்கள், அவர்களைக் கூப்பிட்டேன். கேலன் ஓடிவந்து என்ன ஆச்சு என்றார். நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாததை நான் ஊர் நடுவில் சொன்னேன், "நீ ஊத்தின ஆயில் இவளுக்கு ஒத்துக்காது கேலன். இவ என்ஜினைத் திறந்ததே இல்ல. அது இவருக்கு அன்னிக்கே தெரியும். நீ கொடுத்ததுங்கிற ஒரே காரணத்துக்காக வாயை மூடிட்டு ஓட்டினார்." கேலன் முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுல யாருமே நேரத்துக்கு வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. நான் விடவில்லை. "எங்க பொண்ணு திறந்தா. தாமதமாத்தான் திறந்தா, ஆனா திறந்தா. நீ ஆறு வருஷமா ஒத்த விரலைத் தூக்கிட்டுப் போனியே, அதுக்கு நேரா வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அப்போது டிராக்டர் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து டுவேன் பேசினான். பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் துணியில் துடைத்தபடி, "அப்பா, லின்னியா நிறுத்தினது எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது. எனக்கும் அந்தக் கல்யாணம் பயமாத்தான் இருந்துச்சு, சொல்ல வாய் வரல. அவளுக்கு வந்தது" என்றான். கேலன் அவனையே பார்த்தார். "இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையேடா" என்றார். "நீங்க கேட்கவே இல்லையே" என்றான் அவன். மகனுக்காக அந்தக் கோபத்தைச் சுமக்கிறோம் என்று நினைத்து ஆறு வருஷம் சுமந்தவர், மகனுக்கு அது வேண்டியிருக்கவே இல்லை என்று தெரிந்ததும் வண்டியின் ஏர்க்காலில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நின்று ஆறுதல் சொல்ல நேரமில்லை, அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது மூச்சு விட்டுக்கொள். நேற்று சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்தார்கள். வலி முந்தின நாள் காலையிலேயே ஆரம்பித்திருக்கிறது, டாக்டரிடம்தான் ஒப்புக்கொண்டார், என்னிடம் இல்லை. ஆப்பரேஷன் பண்ணின இடம் நன்றாக இருக்கிறது, மருந்தின் அளவை மாற்றியிருக்கிறாள். "மத்தியானம் முழுக்க அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னைக் கேட்காதீங்க" என்றாள் அந்தப் பெண். நான் கேட்கவில்லை.

இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே நம் முற்றத்தில் ஒரே கூட்டம். தோராவை இங்கே கொண்டுவந்து நிறுத்தி அடிச்சட்டியை இறக்கிவிட்டார்கள், அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எழுந்தால் கட்டிப்போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். கேலன் முழங்கை வரை உள்ளே விட்டுக் கை கையாக அள்ளிப்போட்டார், கருகிய பிளம் ஜாம் மாதிரி ஒரு வாளி நிறைய வந்தது. பம்பின் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஓரமாக ஒரு பட்டாணி நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. பேரிங்கில் கீறல் விழுந்திருக்கிறது, கருகவில்லை, இன்னும் அரை வண்டிக் கதிர் அடித்திருந்தால் போயிருக்கும் என்றார் அவரே. இப்போது என்ன ஆயில் ஊற்றுவது என்று சண்டை. பத்து ஆள் இருந்தால் பதினோரு அபிப்பிராயம். ஒருவர் டீசல் என்ஜின் ஆயில்தான் என்கிறார், ஒருவர் சாதா ஆயிலோடு மருந்தைத் தனியாகக் கலக்கலாம் என்கிறார். கேலன் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கூட்டுறவுக் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி நம்முடைய முப்பதாம் நம்பர் சாதா ஆயிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கறுப்புத் தண்ணீர் என்று கேலி பண்ணினாரே, அதையேதான். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் கேலன், சட்டிதான் சுத்தமாயிடுச்சே, உன் ஆயிலையே ஊத்து" என்றார். "இல்ல ஓர்வின், உனக்குப் பிடிச்சதையே ஊத்தலாம்" என்றார் இவர். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர். நான் ஜன்னலைத் தூக்கி, "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? உண்மையைச் சொல்லு ஓர்வின், எது வேணும்?" என்று சத்தம் போட்டேன். அப்பா கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "சட்டி சுத்தம், ஆனா மேல குழாய்க்குள்ள இன்னும் பழசு ஒட்டிட்டிருக்கு. இப்போ சாதா ஆயில்தான் சரி. குளிர்காலத்துல நீ வந்து என்னோட சேர்ந்து என்ஜினை முழுசாப் பிரிச்சுக் கழுவித்தா. அதுக்கப்புறம் உன் ஆயில்." கேலன் தலையை ஆட்டிவிட்டு டப்பாவைத் திறந்தார். இப்போது ஊற்றிக்கொண்டிருக்கிறார், எனக்குத் தெரிகிறது.

ஊற்றி முடித்துக் கிளம்புவதற்கு முன் கேலன் சமையலறைக் கதவுவரை வந்து, கை அழுக்கு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றுகொண்டு, "கிறிஸ்துமஸுக்கு அவளை வரச் சொல்லு. எங்க பெஞ்சுல இடம் இருக்கு" என்றார். டுவேனின் மனைவியும் உன்னை வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீ இத்தனை வருஷம் வராததற்கு டிக்கெட்டும் வேலையும்தான் காரணம் என்று எழுதினாய், நானும் அப்படியே நம்புவதுபோல் பதில் எழுதினேன். இனி அப்படி வேண்டாம். வெஸ்லிக்கும் உனக்கும் என்ன ஆயிற்று, நீ தனியாக இருக்கிறாயா, ராத்திரி சாப்பிடுகிறாயா, அழுகிறாயா, இதையெல்லாம் நான் கேட்கிறேன், கேட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் முதல் வரியில் நலம் என்று எழுதாதே. அந்தக் கைக்குட்டையை எடுத்துவிட்டு முள் எங்கே நிற்கிறதென்று எழுது.

கர்த்தர் உன்னைக் காப்பார், அவருக்கும் கொஞ்சம் விவரம் சொல்லிவை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். கடிதத்தை மடிக்காதே, நானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று அப்பா வெளியிலிருந்து சொல்கிறார். அவர் பேனாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை, இடம் விட்டிருக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா ஆர்லிஸ்

லின்னியா, படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது. ராத்திரியில் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும். தோரா நன்றாக இருக்கிறாள். அப்பா.